கம்பங்கொல்லையில் கட்டிவிட்ட குரல்

கம்பங்கொல்லை நடுவில் மூன்று பேர் நிற்கிறோம். நான், என் மச்சான் தண்டபாணி, சுரங்கத்தில் இன்ஜினியராக இருக்கும் இபான் என்கிற அம்மா. காலை வெயில் அப்போதுதான் சுள்ளென்று ஏற ஆரம்பித்திருந்தது. எங்கள் தலைக்கு மேலே குச்சிக்குக் குச்சி கேசட் நாடா இழுத்துக் கட்டியிருக்கிறது. ஒன்று இரண்டு இல்லை, எண்ண முடியாத அளவுக்கு வரிசை. காற்று வந்தால் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வண்டுக் கூட்டம் மாதிரி இரைகிறது.

கம்பு பால் பிடித்த சமயம். கொல்லை ஓரத்து வேப்பமரத்தில் பச்சைக்கிளிகள் உட்கார்ந்து எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தன. நாடா வெயிலில் மின்னும், காற்றில் இரையும். அதற்குப் பயந்து அவை இறங்குவதில்லை.

இபான் அம்மா அண்ணாந்து இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரைக்கும் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“ஐயா, இதுல எங்க மாமா எதுல இருக்காரு?”

நாற்பது வருஷமாக எவர் எதைக் கேட்டாலும் வாய் மூடி நின்றவன் இல்லை நான். அன்றைக்கு நின்றேன்.

தண்டபாணிதான் வாயைத் திறந்தான். “கிளி ஒண்ணுகூட கிட்ட வரல பாருங்க மேடம். உங்க மாமா நல்லாத்தான் காவல் காத்துகினு இருக்காரு.”

விவரம் சொல்லாமல் உங்களைக் கொல்லைக்குள் இழுத்து வந்துவிட்டேன். சொல்கிறேன்.

இந்தத் தொடரில் போன வாரம் நான் டபுள் டெக் ரெக்கார்டிங் மெஷின் வாங்கிய கதையைப் படித்துவிட்டு வடலூரிலிருந்து ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். ‘ஐயா, ஒவ்வொரு வாரமும் நீங்கள் ஜெயித்த கதையாகவே வருகிறது. வாழ்க்கையில் நீங்கள் தப்பே செய்தது கிடையாதா?’ என்று கேட்கிறார். செய்திருக்கிறேன். ஒரே ஒரு தப்பு. அதுவும் ரொம்பப் பழசு இல்லை. அதைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

அஞ்சாம் வகுப்புக் காது

நான் படித்தது அஞ்சாம் வகுப்பு. அதிலும் கடைசிப் பரீட்சைக்குப் போகவில்லை. இதில் எழுத்துப் பிழை இருந்தால் ஆசிரியர் திருத்திக்கொள்வார். ஞாபகப் பிழை என்னிடம் கிடையாது.

சுரங்க டவுன்ஷிப்புக்கு நான் வந்தபோது கையில் ஒரு மஞ்சள் பையும் அதற்குள் ஒரு சட்டையும் இருந்தன. மெயின் பஜாரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த கரீம் பாய், தரையைப் பெருக்கச் சொல்லிச் சேர்த்துக்கொண்டார். ஆறே மாதத்தில் நான் பெருக்குவதை நிறுத்திவிட்டு ரேடியோ பிரிக்க ஆரம்பித்தேன். “எனக்குத் தெரியாத ஃபால்ட்டெல்லாம் இவன் காதுக்குத் தெரியுதுப்பா” என்று பாய் நாலு பேரிடம் சொல்வார். நான் சொல்லவில்லை, அவர் சொன்னது.

பிறகு சொந்தக் கடை. ‘கலியபெருமாள் ரெக்கார்டிங்’. அந்தக் காலத்தில் ஷிப்டு முடிந்து சைக்கிளில் வருகிறவர்கள் என் கடை வாசலில் பாட்டு லிஸ்ட்டோடு நிற்பார்கள். திருநெல்வேலிக்காரர், சேலத்துக்காரர், மலையாளத்துக்காரர், எல்லாரும் நிற்பார்கள். அவரவர்க்கு வேண்டிய பன்னிரண்டு பாட்டை ஒரு கேசட்டில் அடைத்துக் கொடுக்க வேண்டும்.

மற்ற கடையில் பன்னிரண்டாவது பாட்டு பாதியில் நிற்கும். என் கடையில் நிற்காது. காரணம் என் பிளேடு. பாட்டுக்கு முன்னால் வருகிற வசனம், நடுவில் வருகிற விசில், பின்னால் வருகிற கைத்தட்டல், எல்லாவற்றையும் எடுத்துவிடுவேன். பாட்டு மட்டும் இருக்கும். மந்தாரக்குப்பம் வரைக்கும் அந்தப் பெயர் இருந்தது: கலியபெருமாள் கேசட்டில் குப்பை இருக்காது.

அந்தப் பிளேடுதான் பிற்பாடு என்னைக் கவிழ்த்தது.

இப்போது கடையை என் மருமகள் பார்க்கிறாள். செல் கவர், சார்ஜர், கண்ணாடி ஒட்டுவது. பின்பக்கம் ஒரு மேஜை மட்டும் என்னுடையது. அதில் ஒரு டெக், ஸ்க்ரூ டிரைவர், பிளேடு, ஒட்டு டேப். கடலூர் பக்கம் இன்றைக்குக் கேசட் சரி பண்ணத் தெரிந்த ஆள் யார் என்று கேட்டால் என் மேஜையைத்தான் காட்டுவார்கள். வேறு யாரும் இல்லை என்பதும் ஒரு காரணம். அதற்கு நான் என்ன செய்வது?

சங்கம் இல்லாத ஒரு வீடு

அந்த மேஜைக்குத்தான் இபான் அம்மா வந்தார். கைக்குட்டையில் சுற்றிய ஒரு கேசட்.

“ஐயா, நீங்கதான் கேசட்டு டாக்டருன்னு சொன்னாங்க. இது அறுந்துகினு கிடக்குது. பூஞ்சை வேற.”

பார்த்தால் வடக்கத்தி முகம். பேச்சு நம் குள்ளஞ்சாவடிப் பேச்சு. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “தமிழ் எங்கம்மா கத்துக்கினீங்க?” என்றேன்.

“மைன்ஸ்ல காண்ட்ராக்ட்டு வேலை செய்யுற அக்காங்ககிட்ட. அவங்க சோறு குடுத்தாங்க, தமிழும் குடுத்தாங்க.”

மேகாலயாவில் ஷில்லாங்குக்குத் தெற்கே மலைச்சரிவில் ஒரு கிராமம் அவருக்கு. காசி இனம். நம் காசி-ராமேசுவரத்துக் காசி இல்லை. அவர்கள் ஜனத்துக்கே அந்தப் பெயர்.

நம் டவுன்ஷிப்பில் எந்த ஊர்க்காரருக்கும் ஒரு சங்கம் இருக்கும். ஓணத்துக்கு ஒரு கூட்டம், துர்கா பூஜைக்கு ஒரு கூட்டம். ஆனால் காசிக்காரர்கள் அப்போது இந்த ஒரு வீடுதான். சங்கம் வைத்தால் அவரே தலைவர், அவர் வீட்டுக்காரர் செயலாளர். “தேர்தல் வெச்சா அவரு தோத்துருவாரு” என்று இபான் அம்மா சொல்லுவார்.

கேசட்டில் இருந்தது அவருடைய தாய்மாமன். அம்மாவின் அண்ணன். வீட்டில் பெரியவர் அவர்தான். அங்கே பிள்ளைகளுக்குத் தாய் வழியில்தான் குடும்பப் பெயர். வீடு கடைசிப் பெண்ணுக்குப் போகும். கட்டிக்கொள்கிற மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வர வேண்டும். நல்லது கெட்டது எதுவானாலும் தாய்மாமனைக் கேட்காமல் நடக்காது.

இதை நான் வீட்டில் சொன்னபோது என் சம்சாரம் சரோஜா தட்டில் சோற்றைப் போட்டுக்கொண்டே, “நல்ல ஊரா இருக்குதே. நானும் எங்க வூட்டுல கடைசிப் பொண்ணுதான்” என்றாள். அன்றைக்கு நான் ரசம் கேட்கவில்லை. கிடைத்ததைச் சாப்பிட்டு எழுந்துவிட்டேன்.

மாமன் போன மழைக்காலத்துக்கு முன்னால் காலமாகிவிட்டார். அவர் டுய்தாரா வாசிப்பார். நாலு நரம்பு, நெஞ்சோடு அணைத்துப் பிடித்து மீட்டுகிற வாத்தியம். ஊரில் அம்பு எய்கிற போட்டி நடந்தால் முன்னால் நின்று ‘பாவார்’ சொல்கிறவரும் அவர்தான். பாவார் என்றால் இரண்டிரண்டு அடியாகச் சொல்லிக்கொண்டே போவது. எதிர் ஊர்க்காரனைக் கேலி செய்வது, தன் ஊர் அம்பைத் தூக்கிப் பேசுவது, பழைய கதை சொல்வது எல்லாம் அதில் வரும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. முன்னாலேயே தெரிந்திருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

“ஜாக்கிரதைங்க ஐயா. இது ஒண்ணுதான் இருக்குது” என்றார்.

“கரன்ட்டு இல்லாத காலத்துல டார்ச்சு வெளிச்சத்துல கேசட்டு ஒட்டினவன்மா நானு. போய்ட்டு வாங்க.”

பலாவுக்குத் தம்பி

ஒரு நாள் அவர் குவார்ட்டர்ஸுக்குப் போனேன். சுவரில் டுய்தாரா மாட்டியிருந்தது. எடுத்து விரலால் தட்டிப் பார்த்தேன். நம் காடாம்புலியூர், பண்ருட்டிப் பக்கத்துப் பலாமரம்தான் மிருதங்கத்துக்குப் போகிறது. அந்தக் கட்டையின் சத்தம் எனக்கு மனப்பாடம்.

“இது பலா” என்றேன்.

“இல்லைங்க ஐயா. எங்க மலையில இருக்கிற வேற மரம்.”

இன்னொரு தரம் தட்டினேன். “அப்போ பலாவுக்குத் தம்பி” என்றேன்.

அவர் டீ கொடுத்தார். அந்த வீட்டில் அவர்கள் யாரையும் எதிர்த்துப் பேசுவதில்லை. டீ கொடுத்துவிடுவார்கள்.

நான் வெட்டியது

கேசட் வேலை மூன்று நாள் பிடித்தது. நாடாவை வெளியே இழுத்து, பூஞ்சையைப் பஞ்சால் துடைத்து, அறுந்த இரண்டு இடத்தையும் ஒட்டினேன். ‘ஏ’ பக்கத்தில் மாமன் டுய்தாரா வாசித்துப் பாடுகிறார். சும்மா சொல்லக் கூடாது, பாஷை தெரியாமலேயே கேட்டுக்கொண்டு இருந்தேன். மலைச்சரிவில் யாரோ அவசரம் இல்லாமல் இறங்கி வருகிற மாதிரி ஒரு நடை. மருமகள்கூட சார்ஜர் விற்பதை விட்டுவிட்டு எட்டிப் பார்த்தாள்.

அந்தப் பக்கம் கடைசிக்குக் கொஞ்சம் முன்னால் பாட்டு முடிந்துவிடுகிறது. அதற்கப்புறம் வெறும் காற்று. புரட்டிப் போட்டால் ‘பி’ பக்கம் ஆரம்பத்தில் ஒரே இரைச்சல். நூறு இருநூறு பேர் மைதானத்தில் கத்துகிறார்கள். நாய் குரைக்கிறது. ஒரு ஆள் தொண்டை கட்டின குரலில் என்னமோ இழுத்து இழுத்துச் சொல்கிறார். அவர் நிறுத்தினால் எல்லாரும் சேர்ந்து ‘ஹோய் கியூ’ என்று போடுகிறார்கள். மறுபடி அவர். மறுபடி ‘ஹோய் கியூ’. அது முடிந்த பிறகுதான் டுய்தாரா வருகிறது.

கேசட்டில் ஒரு விஷயம் இருக்கிறது. ‘ஏ’ பக்கத்தின் கடைசியும் ‘பி’ பக்கத்தின் ஆரம்பமும் ஒரே நாடாத் துண்டு. அந்தத் துண்டுதான் எல்லாவற்றையும்விடக் கசங்கிக் கிடந்தது. மெஷினில் போட்டால் சுற்றிக்கொண்டு மீதி நாடாவையும் இழுத்தது.

நான் யோசித்தேன். ஒரு பக்கம் காற்று, ஒரு பக்கம் கூச்சல். யாரோ விளையாட்டு மைதானத்தில் பட்டனை அமுக்கிவிட்டு மறந்து போயிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். பாட்டு இல்லை. நாற்பது வருஷப் பழக்கம் கையைப் பிடித்து இழுத்தது. பிளேடை எடுத்தேன். சுத்தமாக வெட்டினேன். மீதியை அழகாக ஒட்டி, மூடி, திருகாணி முடுக்கினேன்.

வெட்டின நாடா மேஜைக்குக் கீழே கழிவு மூட்டையில் போயிற்று. அந்த மூட்டை என் மச்சானுக்கு. தண்டபாணிக்குக் குள்ளஞ்சாவடியிலிருந்து உள்ளே தள்ளிக் கம்பங்கொல்லை. வருஷா வருஷம் என் கழிவு நாடாதான் அவன் கொல்லைக்குக் காவல்.

டீ வராத நாள்

இபான் அம்மா வீட்டில் போய்க் கேசட்டைப் போட்டுக் காட்டினேன். ‘ஏ’ பக்கம் கேட்டுக் கண் கலங்கிவிட்டார். நான் சட்டைக் காலரைச் சரி பண்ணிக்கொண்டேன். ‘பி’ பக்கம் போட்டேன். எடுத்த எடுப்பில் டுய்தாரா.

அவர் நிறுத்தச் சொன்னார். “ஐயா, இதுக்கு முன்னாடி?”

“அது ஒண்ணும் இல்லமா. யாரோ கிரவுண்டுல கத்தினது. குப்பை. எடுத்துட்டேன்.”

அவர் கேசட்டை வெளியே எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். “அந்தக் கத்தினதுக்காகத்தான் ஐயா குடுத்தேன்.”

அப்போதுதான் பாவார் என்றால் என்ன என்று எனக்குத் தெரிந்தது. பாட்டை ஊரில் வேறு ஆட்களும் பாடுவார்கள். மாமன் சொன்ன பாவார் முழுசாக வேறு எங்கேயும் இல்லை. அடுத்த வாரம் சனிக்கிழமை அவர் ஊரில் அம்புப் போட்டி. மாமன் நின்ற இடத்தில் இந்தத் தடவை இபான் அம்மாவின் தம்பி பன்தெய் நிற்க வேண்டும். அவனுக்கு முதல் பத்து அடி தெரியும், அதற்கு மேல் தெரியாது. கேசட் சரியாகிவிட்டது, அனுப்புகிறேன் என்று அவர் முந்தின நாள்தான் போனில் சொல்லியிருக்கிறார்.

“அவன் பாதியில நின்னா எதிர் ஊர்க்காரங்க அடுத்த வருஷம் வரைக்கும் சிரிப்பாங்க. பரவால்ல, சிரிக்கட்டும். ஆனா அதுக்கப்புறம் அவன் அந்த இடத்துல நிக்க மாட்டான். வேற யாரும் நிக்க மாட்டாங்க. ஸ்பீக்கர்ல சினிமாப் பாட்டு போட்டுட்டு அம்பு வுடுவாங்க.”

அன்றைக்கு அந்த வீட்டில் டீ வரவில்லை.

கடைக்கு ஓடினேன். மூட்டை இல்லை. தண்டபாணிக்குப் போன் போட்டேன்.

“அதுவா மாமா? முந்தாநேத்தே கட்டிட்டேனே. இந்த வருஷம் நல்லா இரையுது.”

மறுபடி கொல்லைக்கு

இப்போது நாம் முதலில் நின்ற இடத்துக்கு வந்துவிட்டோம். மறுநாள் காலை, கம்பங்கொல்லை, மூன்று பேர்.

தண்டபாணி என் சம்சாரத்தின் தம்பி. நான் கடை வைத்த நாளிலிருந்து எப்போது விழுவேன் என்று காத்திருக்கிற ஆள். அன்றைக்கு அவன் முகத்தில் பொங்கல் வெளிச்சம்.

“இன்னா மாமா, கலியபெருமாள் கேசட்டுல குப்பை இருக்காதுன்னு சொல்லுவியே. குப்பையைத் தேடிகினு நீயே வந்துட்டியே.”

“வாயை மூடிகினு கட்டை அவுத்துவுடுடா.”

“நான் அவுக்குறேன். கிளி வந்தா நீ நின்னு கத்து.”

இபான் அம்மா செருப்பைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, சுடிதாரைக் கணுக்காலுக்கு மேல் முடிந்துகொண்டு, யாரும் சொல்லாமலேயே ஒரு கோடியிலிருந்து அவிழ்க்க ஆரம்பித்துவிட்டார். நாடாவை முறுக்கிவிட்டால்தான் நன்றாக இரையும் என்று தண்டபாணி ஒவ்வொன்றையும் முறுக்கிக் கட்டியிருந்தான். முறுக்கை எடுத்துப் பென்சிலில் சுற்ற வேண்டும். இழுத்தால் அறும். மூன்று பேரும் சுற்றிக்கொண்டே இருந்தோம். பொழுது உச்சிக்கு வந்தது. தண்டபாணி சம்சாரம் கேழ்வரகுக் கூழும் கருவாடும் கொண்டுவந்து வைத்தாள். இபான் அம்மா கருவாட்டை நாங்கள் இரண்டு பேரும் தின்றதைவிட அதிகம் தின்றார். “எங்க ஊருலயும் இருக்குது, இதைவிட நாறும்” என்று பெருமையாகச் சொன்னார்.

மோட்டார் கொட்டகையில் கரன்ட் இருந்தது. என் பழைய டேப்ரெக்கார்டரை அங்கே வைத்து, வெறும் கேசட் கூட்டில் ஒவ்வொரு சுருளாகப் போட்டுப் பார்க்க வேண்டும்.

“உங்க நாடா நல்ல கம்பெனி. கறுப்பா இருக்கும். மத்ததெல்லாம் செம்மண் கலரு. பார்த்த உடனே சொல்லிடுவேன்” என்று ஒரு கறுப்புச் சுருளை எடுத்துப் போட்டேன்.

‘மாப்பிள்ளை வீட்டார் அனைவரும் பந்திக்கு வரவும்’ என்றது.

அடுத்த கறுப்பைப் போட்டேன். சுரங்க வாசலில் நடந்த கேட் மீட்டிங்கில் யாரோ வேலையைப் பர்மனென்ட் ஆக்கச் சொல்லிப் பேசிய பேச்சு. அதற்கு அடுத்ததில், ‘ஹலோ, ஹலோ, மைக் டெஸ்டிங், வழங்குவோர் கலியபெருமாள்’ என்று என் குரலே வந்தது.

தண்டபாணி தூணைப் பிடித்துக்கொண்டான். “கிளி ஏன் ஓடுதுன்னு இப்பத்தான் மாமா தெரியுது.”

இப்படியே பத்துப் பன்னிரண்டு சுருள். ஒன்றில் ஒன்றுமே வரவில்லை, வெறும் காற்று. அதை எடுத்து மூலையில் போட்டேன்.

இபான் அம்மா அதை எடுத்தார். “ஐயா, ஒரு பக்கம் வெறும் காத்துன்னு நீங்கதானே சொன்னீங்க?”

நான் அவரைப் பார்த்தேன். தண்டபாணி என்னைப் பார்த்தான். கூட்டைப் பிரித்து நாடாவைப் புரட்டிப் போட்டு மூடி அமுக்கினேன். கொஞ்ச நேரம் கரகரப்பு. பிறகு நாய் குரைத்தது. பிறகு தொண்டை கட்டின அந்தக் குரல்.

இபான் அம்மா மோட்டார் மேடையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

ஆறு துண்டு

பாதிதான் ஜெயித்திருந்தோம். தண்டபாணி நாடாவை வரப்பு நீளத்துக்கு ஏற்ற மாதிரி அறுத்து அறுத்துக் கட்டியிருந்தான். காற்று ஓடின சுருளாகத் தேடித் தேடி எடுத்ததில் ஆறு துண்டு கிடைத்தது. எது முன்னால், எது பின்னால்?

“இது தெரிஞ்சவங்க இங்க இல்ல” என்று சொல்லிவிட்டு இபான் அம்மா ஊருக்கு வீடியோ கால் போட்டார். கொட்டகைக்குள் சிக்னல் இல்லை. தண்டபாணி போனைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஏறி நின்றான். நான் வாசல்படியில் டேப்ரெக்கார்டரை வைத்தேன்.

அந்தப் பக்கம் பன்தெய். பக்கத்தில் அவர்கள் அம்மா, தோளில் சால்வை. பின்னால் இரண்டு பெரியவர்கள். மாமனோடு அம்பு விட்டவர்களாம். ஒவ்வொரு துண்டாகப் போட்டேன். அங்கே ஒரே வாக்குவாதம். பெரியவர் ஒருவர் விரலைக் காட்டுகிறார், இன்னொருவர் அந்த விரலைத் தட்டிவிடுகிறார். கடைசியில் அவர்கள் அம்மா ஒரு வார்த்தை சொன்னார். எல்லாரும் அடங்கிவிட்டார்கள். நான் துண்டு துண்டாக நம்பர் எழுதி ஒட்டினேன். ஒட்டு டேப் வெயிலில் கொஞ்சம் இளகியிருந்தது.

முழுசாக ஓட விட்டேன். மாமன் சொல்கிறார். கேசட்டுக்குள் கூட்டம் ‘ஹோய் கியூ’ போடுகிறது. அங்கே போனுக்குள் அந்த நாலு பேரும் சேர்ந்து போடுகிறார்கள். கொட்டகையில் இபான் அம்மா போடுகிறார். மூன்றாவது தடவை தண்டபாணியும் தொட்டி மேல் நின்றபடி போட்டான். சரி என்று நானும் போட்டேன்.

இபான் அம்மா எனக்கு நடுநடுவே அர்த்தம் சொன்னார். ‘உங்கள் வில் வளைந்தது மூங்கிலாலா, எங்களைக் கண்ட பயத்தாலா’ என்று ஓர் இடம். ‘எங்கள் அம்பு வழி கேட்காது, உங்கள் அம்பு வீட்டுக்கே திரும்பும்’ என்று ஓர் இடம். நம் ஊர்த் தேர்தல் மேடையில் பேசலாம்.

நாலாவது துண்டு முடிந்து ஐந்தாவது தொடங்குகிற இடத்தில் அங்கே எல்லாரும் கையைத் தூக்கி நிறுத்தச் சொன்னார்கள். நடுவில் இரண்டு அடி இல்லை.

“டேய், இங்க ஒரு துண்டு எங்கடா?”

“ஒண்ணு அறுந்து காத்துல போச்சு மாமா. அதை எங்கன்னு போய்த் தேடுறது?”

அவன் குரலில் கேலி இல்லை. கிளியைப் பார்க்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

இல்லாத இரண்டு அடி

அங்கே பெரியவர்கள் அந்த இரண்டு அடியை நினைவுபடுத்திப் பார்த்தார்கள். ஒருவர் ஒன்று சொன்னார். இன்னொருவர் அது இல்லை என்று வேறொன்று சொன்னார். அம்மா இரண்டும் இல்லை என்று தலையை ஆட்டினார், ஆனால் அவருக்கும் வரவில்லை. இபான் அம்மா துப்பட்டா நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். நான் என் பிளேடைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதை மடக்கி டப்பாவில் வைக்கக்கூட கை வரவில்லை.

அப்போது பன்தெய் இபான் அம்மாவிடம் என்னமோ கேட்டான். அவர் கொல்லையைக் காட்டி, என்னைக் காட்டி, மேலே காட்டி நீளமாகச் சொன்னார். நடந்த கதையைச் சொல்கிறார் என்று புரிந்தது. அவன் கொஞ்சம் தலை குனிந்து நின்றான். பிறகு நிமிர்ந்து, மாமன் இழுத்த மாதிரியே இழுத்து, இரண்டு அடி சொன்னான்.

அந்த வீடே சிரித்தது. பெரியவர்கள் தொடையைத் தட்டிக்கொண்டு ‘ஹோய் கியூ’ போட்டார்கள். அம்மா சால்வையால் வாயை மூடிக்கொண்டார். இபான் அம்மாவுக்குச் சிரிப்பில் கண்ணீர் வந்துவிட்டது.

“இன்னாமா சொன்னான்?” என்றேன்.

“வேணாங்க ஐயா.”

“சொல்லுங்கமா. நாற்பது வருஷமா பஜார்ல இருக்கிறவன். எதையும் தாங்குவேன்.”

தயங்கித் தயங்கிச் சொன்னார். “‘தெக்கே ஒரு பெரியவரு, காது ரொம்பக் கூர்மை, எங்க மாமனைக் குப்பைன்னு வெட்டிக் கம்பங்கொல்லையில கட்டினாரு. கிளியெல்லாம் பயந்து ஓடுச்சு, எதிர் ஊர்க்காரங்களே, உங்களுக்குக் கிளி அளவுகூட புத்தி இல்லையா, இன்னும் நிக்கிறீங்களே.’”

தண்டபாணி போனைத் தொட்டி விளிம்பில் சாய்த்து வைத்துவிட்டு இறங்கி வந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டான். அந்தக் கும்பிடு எனக்கு இல்லை, என்னை இப்படிக் கேலி பண்ணின பன்தெய்க்காம்.

“இப்படிப் புதுசா சேர்க்கலாமா? மாமன் சொன்னதைக் கெடுத்த மாதிரி ஆகாதா?” என்று கேட்டேன். எனக்கு அதுதான் கவலை.

“முன்னாடி நிக்கிறவரு அன்னன்னைக்கு நடந்ததைச் சேர்த்துச் சொல்லணும் ஐயா. அப்பத்தான் அது பாவார். மாமாவும் அப்படித்தான் சேர்த்தாரு. இத்தனை நாளா இவன் வெறுமே ஒப்பிச்சுகினு இருந்தான். சொந்தமா சொன்னது இன்னிக்குத்தான்.”

நான் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டேன். “அப்படின்னா ‘பெரியவரு’ன்னு மொட்டையா சொல்லக் கூடாது. பேரைப் போடச் சொல்லுங்க.”

அவர் கேட்டார். பன்தெய் ‘கலியபெருமாள்’ என்று நாலு தடவை சொல்லிப் பார்த்தான். அடிக்குள் அடங்கவில்லை. ‘கலியா’ என்று சுருக்கிக்கொண்டான். மீதியை விட்டுக் கொடுத்தேன்.

போட்டிக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை இபான் அம்மா போட்டி வீடியோவோடு வீட்டுக்கு வந்தார். சரோஜா, நான், தண்டபாணி மூன்று பேரும் அந்தப் போனின் சின்னக் கண்ணாடியில் தலையை முட்டிக்கொண்டு பார்த்தோம். மலை. மேகம். புல்வெளி. மாமன் நின்ற இடத்தில் பன்தெய். எங்கேயும் நிற்கவில்லை அவன். என் இடம் வந்தது. ‘கலியா’ என்றான். நான் பார்த்தே இராத அத்தனை ஜனமும் ஒரே வாயாகப் பதில் போட்டது. போட்டியில் அவர்கள் ஜெயித்தார்களா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. கேட்க மறந்துவிட்டேன்.

மறுநாள் அந்த இரண்டு அடியைப் போனிலிருந்து நாடாவுக்கு ஏற்றினேன். நாலாவது துண்டுக்கும் ஐந்தாவது துண்டுக்கும் நடுவில் வைத்து ஒட்டினேன்.

“உங்களைக் கேலி பண்ணினதை நீங்களே ஒட்டி வெக்கிறீங்களா?” என்றாள் சரோஜா.

“வேற யாருக்கு இந்த ஒட்டு போடத் தெரியும்?” என்றேன்.

என் ஆயுசில் நான் போட்ட ஒட்டு எதுவும் கேட்கிறவர் காதுக்குத் தெரிந்தது கிடையாது. இது மட்டும் நன்றாகத் தெரியும். பழைய குரல் நின்று புதுக் குரல் வருகிறது. அந்த இடத்தில் என் பெயர் இருக்கிறது.